பல் எடுத்த குழியில் மாட்டெலும்பு: வைப்பதற்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டாமா?

கரிசல்மண்:
வணக்கம். மூன்று வாரத்துக்கு முன்பு எனக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றை எடுத்தார்கள். வேரடியில் சீழ் கட்டி, சுற்றியிருந்த எலும்பு கரைந்துபோயிருந்தது. "குழியில் எலும்புப் பொடி போட்டு மூடிவிடுகிறேன், ஆறு மாதம் கழித்து இம்ப்ளான்ட் என்ற செயற்கைப் பல் வேர் வைக்கலாம்" என்றார் மருத்துவர். சரி என்று தலையாட்டினேன், கையெழுத்தும் போட்டேன். படிவத்தில் "எலும்பு மாற்றுப் பொருள்" என்று மட்டும்தான் இருந்தது.

நேற்று காகிதங்களை அடுக்கும்போது ஓர் அட்டையில் இரண்டு ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். பொடியின் ஸ்டிக்கரில் ‘போவைன்’. அதன்மேல் போர்த்திய சவ்வின் ஸ்டிக்கரில் ‘போர்சைன்’. தேடிப் பார்த்தால் ஒன்று மாடு, மற்றது பன்றி.

நான் பிறந்ததிலிருந்து புலால் தொடாதவன். நேற்றிலிருந்து நாக்கு அந்த இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது.

கேட்க நினைப்பது இரண்டு. இதனால் உடம்புக்குக் கெடுதல் உண்டா? கெடுதல் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

பல்லும்சொல்லும்:
ஐயா, இருபது வருடமாக ஈறு, தாடையெலும்பு சிகிச்சை செய்து வருகிறேன். முதல் கேள்விக்கு முதலில் பதில்: பயப்படாதீர்கள்.

எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு கனிமம். மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற நார்ப்புரதமும் தண்ணீரும். மாட்டெலும்பை எடுத்துக் கொழுப்பு, செல், புரதம் எல்லாவற்றையும் நீக்குகிறார்கள். ஒரு வகைத் தயாரிப்பில் சுமார் 300 டிகிரி சூடும் கடுமையான காரமும். இன்னொரு வகையில் 1200 டிகிரிக்கு மேல் சுடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது கால்சியம் பாஸ்பேட் படிகம். கல் என்றே சொல்லலாம். ஆனால் எலும்பின் நுண்துளை அமைப்பு அப்படியே இருக்கும். அதுதான் நமக்கு வேண்டியது.

அவரைக்கொடிக்குப் பந்தல் போடுகிறோமே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. பந்தலிலிருந்து காய் வராது, ஆனால் பந்தல் இல்லாவிட்டால் கொடி தரையோடு கிடக்கும். உங்கள் ரத்தக்குழாயும் உங்கள் எலும்பு செல்களும்தான் அந்தத் துளைகளுக்குள் புகுந்து புது எலும்பைக் கட்டுகின்றன. பல் எடுத்த இடத்தை அப்படியே விட்டால் ஒரு வருடத்துக்குள் தாடை மேட்டின் அகலம் ஏறக்குறைய பாதியாகிவிடும், அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். அப்புறம் இம்ப்ளான்ட் வைக்க இடம் இருக்காது.

இரண்டாவது கேள்வி. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இதில் ‘மாடு’ என்று சொல்வதற்கு மிச்சம் எதுவும் இல்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

படிகம்:
டாக்டர், கடைசி வரியோடு உடன்பட முடியவில்லை. உயிரிப்பொருள் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், பீங்கான் வகை எலும்பு மாற்றுகள்தான் என் பாடு.

மாட்டின் அடையாளம் எதுவும் மிச்சமில்லை, வெறும் படிகம்தான் என்றால், அந்தப் படிகத்தை மாடே இல்லாமல் செய்ய முடியுமே! எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட் படிகத்துக்கு ஹைட்ராக்ஸிஅபடைட் என்று பெயர், அதில் கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் 1.67. அதைவிட வேகமாகக் கரையும் ட்ரைகால்சியம் பாஸ்பேட்டில் 1.5. இரண்டையும் குடுவையில் தயாரிக்கிறோம், இரண்டையும் கலந்தும் தயாரிக்கிறோம். எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியை அமெரிக்க ஆய்வாளர் லாரி ஹென்ச் 1969-லேயே செய்துகாட்டிவிட்டார். இத்தனை இருந்தும் பெட்டியைத் திறந்தால் மாட்டெலும்பு வருவது பழக்கத்தால்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. பந்தல் என்றீர்கள். பந்தல் கொடி படர்ந்த பிறகும் அங்கேயே நின்றால்? மேல்தாடைக்கு மேலே உள்ள சைனஸ் என்ற காற்றறையின் அடியில் வைத்த மாட்டெலும்புத் துகள்கள் பத்தாண்டு தாண்டியும் கரையாமல் இருந்ததை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். நோயாளியிடம் "உங்கள் எலும்பாகவே மாறிவிடும்" என்று சொல்லும் மருத்துவர்களை நானே கேட்டிருக்கிறேன். முழுதாக மாறுவதில்லை.

பல்லும்சொல்லும்:
கரையாமல் இருப்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். நான் அதை எதற்காக விரும்புகிறேன் என்று சொல்கிறேன்.

மேல்தாடைக் கடைவாய்ப் பகுதியில் பல் போனால் மேலே இருக்கும் சைனஸ் அறை கீழே இறங்கி வரும். எலும்பு மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் மிஞ்சும். சைனஸின் உட்சவ்வை மெல்லத் தூக்கி, அதன் அடியில் பொடியை நிரப்புவோம். அந்தச் சவ்வு ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். வேகமாகக் கரையும் பொருளை அங்கே வைத்தால், எலும்பு வருவதற்கு முன்னால் இடமே காணாமல் போகும். ஆரம்ப காலத்தில் தனி ட்ரைகால்சியம் பாஸ்பேட்டை நம்பி இரண்டு பேருக்கு வைத்தேன். எட்டாவது மாதம் ஸ்கேன் எடுத்தபோது நான் தூக்கிய உயரத்தில் பாதிகூட இல்லை. இருவரையும் மறுபடி அறுவைக்குக் கூப்பிட வேண்டியிருந்தது. அந்த முகங்கள் எனக்கு மறக்காது.

இடுப்பெலும்பிலிருந்தோ தாடையின் பின்பக்கத்திலிருந்தோ அவரவர் எலும்பையே எடுத்து வைக்கலாம். அவரவருடைய உயிருள்ள செல் இருப்பது அதில் மட்டும்தான், தரத்தில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாவது காயம், இரண்டாவது வலி. ஒரு பல்லுக்காக இடுப்பை வெட்டிக்கொள்கிறேன் என்பவர் எத்தனை பேர்?

‘முழுதாக மாறிவிடும்’ என்று சொல்வது தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன். புது எலும்பும் பழைய துகளும் கலந்த ஒரு கலவையாகத்தான் அது இருக்கும், தரை போடும் கான்கிரீட்டில் ஜல்லி இருப்பதுபோல. அந்தக் கலவையில் இம்ப்ளான்ட் நிற்கிறது.

எலும்புத்தச்சன்:
எலும்பு முறிவு மருத்துவன் நான். பல் மருத்துவர்கள் கொடுத்து வைத்தவர்கள். உங்கள் குழிக்கு மூன்று சுவர், நான்கு சுவர் இருக்கிறது. பொடியைக் கொட்டினால் நிற்கும். எங்களுக்கு அப்படி இல்லை.

தொடையெலும்பில் ஐந்து சென்டிமீட்டர் காணவில்லை என்று ஒருவர் வந்தால், அங்கே இந்தக் கல்லை வைத்து ஒரு பயனும் இல்லை. பாரம் தாங்காது, உடையும், ரத்தம் உள்ளே போகாது. பாத எலும்புகளைச் சீரமைக்கும்போது மாட்டெலும்புத் துண்டுகளை வைத்து, ஒட்டாமல் போய், வெளியே எடுக்க வேண்டி வந்த அனுபவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதற்கும் முன்னால் 1950-களில் ஜெர்மனியின் கீல் நகரத்தில் கன்றுக்குட்டி எலும்பைப் பாதி புரதம் நீக்கிப் பயன்படுத்தினார்கள். ‘கீல் எலும்பு’ என்றே பெயர். கொஞ்ச காலம் பெரிய பேச்சாக இருந்தது. உள்ளே வைத்து நாளானால் அது செத்த எலும்பாகவே கிடக்கிறது என்று தெரிந்த பிறகு கைவிட்டார்கள்.

ஆகவே ‘மாட்டெலும்பு நல்லதா கெட்டதா’ என்ற கேள்விக்கு எந்த எலும்பில், எத்தனை சுவருள்ள குழியில் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. கரிசல்மண் ஐயாவுக்கு வைத்த இடம் அதற்கு ஏற்ற இடம்தான். மருத்துவமாகப் பார்த்தால் உங்கள் டாக்டர் தப்பு எதுவும் செய்யவில்லை.

கொல்லாமை:
"மருத்துவமாகப் பார்த்தால் தப்பில்லை." எவ்வளவு சுலபமாக முடித்துவிட்டீர்கள்!

ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க ஒரு உறுதியோடு வாழ்ந்திருக்கிறார். அவர் மயக்க ஊசியில் வாய் மரத்துப்போய்க் கிடக்கும்போது அந்த உறுதியை வேறு ஒருவர் உடைத்துவிட்டார். ‘அது வெறும் கல்’ என்று அவருக்கு ஆறுதல் சொல்வது யார்? கல்லா, உடலா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர்.

‘எப்படியும் இறைச்சிக்காகக் கொல்லப்படும் மாடு, எலும்பு வீணாகத்தானே போகும்’ என்று அடுத்து சொல்வீர்கள். வீணாகப் போகிற பொருளுக்கு ஒரு சந்தை உண்டாக்கினால் அது வீண் பொருளாக இருப்பதில்லை. கொல்பவருக்கு அதுவும் ஒரு வருமானம்.

பவளத்திலிருந்து செய்யும் எலும்பு மாற்றைச் சிலர் ‘இயற்கைப் பொருள்’ என்று சைவக் கணக்கில் சேர்ப்பதையும் பார்த்திருக்கிறேன். பவளமும் விலங்குதான். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

படிகம்:
கொல்லாமை, உங்களுக்கு ஒரு தகவல். சுண்ணாம்புச் சத்து நிறைந்த சிவப்புக் கடற்பாசியை எடுத்து, அதன் கால்சியம் கார்பனேட்டை ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றிச் செய்யும் பொடி 1980-களிலிருந்தே பயன்பாட்டில் இருக்கிறது. தேன்கூடுபோல இயற்கைத் துளைகள் அதிலும் உண்டு. சைனஸ் அறுவைகளில் நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்கள். விலங்கும் இல்லை, துளையும் கிடைக்கிறது. இப்படி ஒன்று இருக்கிறது என்று எத்தனை நோயாளிகளிடம் சொல்லியிருப்பார்கள்?

நூர்வாசகி:
நானும் ஒண்ணு சொல்லணும். எல்லாரும் பொடியைப் பத்தியே பேசறீங்க. சவ்வை விட்டுட்டீங்க.

பொடியையாவது சுட்டு, காரத்துல போட்டு, புரதம் இல்லாம ஆக்கறாங்க. மேலே போர்த்தற சவ்வு அப்படி இல்லையே. அது கொலாஜனேதான், புரதமேதான். நிறைய சவ்வு பன்றித் தோல், பன்றி வயித்து உறையிலேர்ந்து வர்றது. ‘கல்தான், மிச்சம் எதுவும் இல்லை’ங்கற டாக்டரோட பதில் சவ்வுக்குப் பொருந்தவே பொருந்தாது.

எங்க வாப்பாவுக்கு இதய வால்வு மாத்தினப்ப சர்ஜன் உக்கார வச்சுப் பேசினார். உலோக வால்வு வச்சா வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, பன்றி வால்வு வச்சா பத்துப் பதினஞ்சு வருஷத்துல தேய்மானம் வரலாம், மாட்டு இதயச் சவ்வுல செஞ்ச வால்வும் இருக்கு, யோசிச்சுச் சொல்லுங்கன்னார். வாப்பா மார்க்கம் படிச்ச ஒருத்தர்கிட்ட கேட்டார். உயிர் காக்க வேற வழி இல்லேன்னா தடையில்லைன்னு அவர் சொன்னார். வேற வழி இருக்கறப்ப என்னங்கறதுல அறிஞர்களுக்குள்ளயே கருத்து வேறுபாடு உண்டு. தன்மை முழுசா மாறிட்டா தடை நீங்கிடும்னு ஒரு சாரார், நீங்காதுன்னு இன்னொரு சாரார். கடைசியில வாப்பா மாட்டு வால்வுன்னு முடிவு பண்ணினார். அவர் முடிவு, அவர் நெஞ்சு.

உயிர் போற அவசரத்துல இருந்தவர்கிட்ட கேக்க நேரம் இருந்துச்சு. பல்லுக்கு நேரம் இல்லையா டாக்டர்?

பல்லும்சொல்லும்:
சகோதரி, உங்கள் கேள்வி நியாயம்தான். சவ்வைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரிதான். ஆனால் என் பக்கத்து நாற்காலியிலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

மாத்திரை உறையின் ஜெலட்டின் மாடு அல்லது பன்றி. ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் பன்றிக் குடலிலிருந்து வருகிறது. தானே கரையும் பழைய தையல் நூல் ஆடு, மாட்டுக் குடல். ஈறு வளரப் பூசும் எனாமல் புரத ஜெல் பன்றிக்குட்டியின் முளைக்காத பல்லிலிருந்து எடுப்பது. ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது?

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. ஒரு அம்மாவிடம் முன்கூட்டியே ‘மாடு’ என்று சொன்னேன். மூலப்பொருளின் பெயர் காதில் விழுந்த பிறகு நான் சொன்ன எதுவும் அவருக்கு ஏறவில்லை. மாற்றும் இருக்கிறது என்றேன், அதையும் கேட்கவில்லை. எதுவும் வேண்டாம் என்று எழுந்து போனார். இரண்டு வருடம் கழித்து வந்தபோது தாடை மேடு கத்திமுனைபோல மெலிந்திருந்தது. அப்போது அவருக்குச் செய்ய வேண்டியிருந்தது பெரிய அறுவை. சொன்னது சரியா என்று அன்றைக்கு எனக்கே சந்தேகம் வந்தது.

கொல்லாமை:
அவர் வேண்டாம் என்றது அவருடைய உரிமை, டாக்டர். அவருக்கு நல்லது என்று நீங்கள் நினைத்ததை அவருக்குத் தெரியாமல் செய்திருந்தால் மட்டும் அது நல்லதாகிவிடுமா?

படிகம்:
‘எங்கே நிறுத்துவது’ என்பதற்கு ஒரு கோடு போடலாம் என்று நினைக்கிறேன். மாத்திரை உறை இரண்டு நாளில் போய்விடும், ஹெப்பாரின் சில மணி நேரத்தில். இந்தப் பொடி பத்து வருடம் உள்ளே இருக்கிறது. உடலில் தங்கப்போகும் எதையும், திரும்ப எடுக்க முடியாத எதையும், முன்னாலேயே சொல்லியாக வேண்டும். இதிலேயே முக்கால்வாசி குழப்பம் தீரும்.

அடுத்தது, சொல்வதை வெறும் மரியாதை என்று பார்க்காதீர்கள். மருத்துவக் காரணமும் இருக்கிறது. மாடு, பன்றி திசுக்களில் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரை மூலக்கூறு உண்டு. மனித உடலில் அது கிடையாது. உண்ணி கடித்ததால் அதற்கு எதிராகக் கடும் ஒவ்வாமை வந்தவர்கள் இருக்கிறார்கள். மாட்டிறைச்சி சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து அவர்களுக்கு உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத்திணறல் வரும். ஜெலட்டினுக்கே எதிர்வினை வந்தவர்கள் உண்டு. சுட்டெடுத்த பொடியில் அந்தச் சர்க்கரை மிஞ்சாது. கொலாஜன் சவ்வு வைக்கும்போது இதை யோசித்தே ஆக வேண்டும். மூலம் எது என்று நீங்கள் வாயைத் திறந்தால்தான் ‘எனக்கு இறைச்சி ஒத்துக்கொள்ளாது’ என்று அவர் வாயைத் திறப்பார்.

அப்புறம் ப்ரியான். 1986-ல் பிரிட்டனில் மாடுகளுக்குப் பைத்திய நோய் கண்டுபிடிக்கப்பட்டது, 1996-ல் அது மனிதருக்கும் வரும் என்று அறிவித்தார்கள். அதை உண்டாக்கும் ப்ரியான், சாதாரணக் கிருமிநீக்கத்துக்கு மசியாத புரதம். பப்புவா நியூ கினியில் பரவிய ‘குரு’ என்ற மூளை நோயும் ப்ரியான் நோய்தான். அது உள்ளே பதுங்கி ஐம்பது ஆண்டு கழித்தும் வெளிப்பட்டிருக்கிறது. மாட்டெலும்புப் பொடியால் ஒருவருக்குக்கூட இந்த நோய் வந்ததாகப் பதிவு இல்லை, அதை அழுத்தமாகவே சொல்கிறேன். ஆனால் இருபது வயதுப் பெண்ணுக்கு வைக்கும்போது, பாஸ்பேட் குடுவையிலிருந்து வரும் பொருளுக்கு இந்தக் கேள்வியே கிடையாது என்பதையும் நினைக்க வேண்டும்.

பல்லும்சொல்லும்:
இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ப்ரியான் மூளையிலும் தண்டுவடத்திலும் குவிவது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் எலும்பு, தொற்று கண்டறியப்படாத திசுக்களின் வரிசையில்தான் இருக்கிறது. ப்ரியானைச் செயலிழக்கச் செய்ய அதே நிறுவனம் சொல்லும் வழிகளில் ஒன்று செறிந்த சோடியம் ஹைட்ராக்ஸைடு. பொடி தயாரிக்கும்போது காரத்தில் போடுகிறார்கள் என்று முதலிலேயே சொன்னேனே. அதோடு நோய் ஆபத்து மிகக் குறைந்த நாடுகளின் மந்தைகளாகப் பார்த்துத்தான் எலும்பை எடுக்கிறார்கள். இத்தனை தடுப்பையும் தாண்டி மிஞ்சும் பயத்தை வைத்து ஒருவரைக் கலங்கடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எலும்புத்தச்சன்:
ப்ரியானில் நான் டாக்டர் பக்கம். விலங்கு என்றதும் அஞ்சுகிறோம், மனிதத் திசு என்றால் பத்திரம் என்று நினைக்கிறோம். நடந்தது வேறு. மனிதப் பிணத்தின் மூளை உறையை எடுத்து ஒட்டுப் போட்டதால் ஜப்பானில் மட்டும் நூறு பேருக்கு மேல் ப்ரியான் நோய் வந்தது. 2021-ல் அமெரிக்காவில், இறந்த ஒரே ஒரு கொடையாளரின் எலும்பிலிருந்து செய்த பொருளை நூற்றுக்கும் மேற்பட்டோரின் முதுகெலும்பில் வைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் காசநோய் தொற்றியது, சிலர் இறந்தே போனார்கள். உயிருள்ள செல் வேண்டும் என்பதற்காகக் கடுமையாகக் கிருமி நீக்காமல் விட்ட பொருள் அது. சுட்ட மாட்டெலும்பில் அந்த ஆபத்து கிடையாது.

கரிசல்மண்:
எல்லோரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்பது புரிகிறது, அந்தப் பயம் போய்விட்டது. ஆனால் மனம் ஒப்பவில்லை. ஒன்று கேட்கிறேன். இதை எடுத்துவிடச் சொல்லலாமா? மூன்று வாரம்தானே ஆகிறது?

எலும்புத்தச்சன்:
ஐயா, ஒரு பழைய கதை சொல்கிறேன். யோப் வான் மீக்கரன் என்ற டச்சு அறுவை மருத்துவர் எழுதி 1668-ல் அச்சானது. ரஷ்யாவில் ஒரு பிரபுவுக்கு வாள்வெட்டில் மண்டையோடு பெயர்ந்துவிட்டது. மருத்துவர் ஒரு நாயின் மண்டையோட்டிலிருந்து துண்டு எடுத்து அடைத்தார். ஆறிவிட்டது. விஷயம் தேவாலயத்துக்குத் தெரிந்தது. மனிதத் தலையில் நாயெலும்பா என்று அவரைச் சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள். அவர் மருத்துவரிடம் போய், எடுத்துவிடுங்கள் என்றார். பார்த்தால், எடுக்க முடியாதபடி எலும்போடு எலும்பாகச் சேர்ந்துபோயிருந்தது என்று சொல்வார்கள்.

விலங்கெலும்பு ஒட்டு என்று எழுத்தில் கிடைக்கும் முதல் பதிவே இதுதான். அதிலேயே இந்தப் பிரச்சினை இருக்கிறது.

உங்களுக்கு மூன்று வாரத்தில் எலும்பு சேர்ந்திருக்காது, எடுப்பது முடியாத காரியம் இல்லை. ஆனால் குழியில் இப்போது இளம் ரத்தக்குழாய்கள் பொடிக்குள் புகுந்து ஆறிக்கொண்டிருக்கும். சுரண்டி எடுத்தால் பொடியோடு அவையும் வரும், மிஞ்சியிருக்கும் சுவரும் போகலாம். சவ்வு இந்நேரம் கரைய ஆரம்பித்திருக்கும், சில மாதத்தில் தானாகவே போய்விடும். வேண்டாம் என்பது என் யோசனை.

கொல்லாமை:
தச்சன் ஐயா, அந்தக் கதையை எடுத்ததற்கு நன்றி. முடிந்த பிறகு சொல்வது சொன்னதாகாது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்? அவரிடமும் யாரும் முன்னால் கேட்டதாகக் கதையில் இல்லையே.

கரிசல்மண் அண்ணா, எடுக்கச் சொல்லி நானும் சொல்ல மாட்டேன். தெரியாமல் நடந்தது உங்கள் உறுதியைக் கெடுக்காது என்றே நான் நம்புகிறேன். என் கோபமெல்லாம் அந்தப் படிவத்தின் மேல்தான். ‘எலும்பு மாற்றுப் பொருள்’ என்ற மூன்று சொல் எழுதியவர்களுக்கு ‘மாட்டின்’ என்ற ஒரு சொல் எழுத இடம் இல்லாமல் போயிற்றா?

பல்லும்சொல்லும்:
இரவு முழுக்க இதை யோசித்துக்கொண்டிருந்தேன். என் கிளினிக்கின் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே மூன்று சொல்தான்.

எழுந்து போன அந்த அம்மாவைக் காரணமாகக் காட்டினேன். அவரிடம் எப்போது சொன்னேன் என்று யோசித்தேன். ஊசி போட்டு நாற்காலியைச் சாய்த்த பிறகு. அந்த நேரத்தில் யாரால் யோசிக்க முடியும்? எழுந்து போகத்தான் தோன்றும். முதல் சந்திப்பிலேயே, ஸ்கேன் பார்க்கும்போதே, மாடு, பன்றி, மனிதக் கொடை, செயற்கை, கடற்பாசி, உங்கள் எலும்பு என்று சொல்லி, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கலாம். இனி அப்படித்தான் செய்யப்போகிறேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எடுத்த பல்லையே சுத்தம் செய்து அரைத்துக் குழியில் வைக்கும் முறை இருக்கிறது. பல்லின் உட்பகுதி எலும்புக்கு நெருங்கிய உறவு. வேர் சிகிச்சை செய்து பொருள் அடைத்த பல் ஆகாது, சொத்தை நிறைய இருந்தாலும் ஆகாது. ஆகும் இடங்களில் அவரவர் பல், அவரவர் தாடை.

ஆனால் படிகம் அவர்களே, செயற்கைப் பொருள் எல்லா இடத்திலும் சமம் என்பதை இன்னும் ஏற்கவில்லை.

படிகம்:
சமம் என்று நானும் சொல்லவில்லை, டாக்டர். உடல் செய்யும் எலும்புப் படிகத்தில் கார்பனேட் கலந்திருக்கும், அளவில் மிகச் சிறியது, ஒழுங்கில்லாதது. அந்த ஒழுங்கின்மைதான் செல்களுக்குப் பிடிக்கிறது. ஆய்வகத்தில் சுட்டெடுக்கும் படிகம் அதைவிடத் திருத்தமாக வந்துவிடுகிறது. இதை நாங்கள் இன்னும் ஜெயிக்கவில்லை. ஆனால் 1200 டிகிரியில் சுட்ட மாட்டெலும்பிலும் கார்பனேட் போய்விடுகிறது. அப்படிப்பட்ட பொடி உங்கள் அலமாரியில் இருந்தால், ‘இயற்கைக் கட்டமைப்பு’ என்ற வாதத்தில் துளை மட்டும்தான் மிச்சம்.

சைனஸில் தனி ட்ரைகால்சியம் பாஸ்பேட் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். 60 பங்கு ஹைட்ராக்ஸிஅபடைட், 40 பங்கு ட்ரைகால்சியம் பாஸ்பேட் கலந்ததை வைத்துப் பாருங்கள். மெல்லக் கரைவது இடத்தைக் காக்கும், வேகமாகக் கரைவது எலும்புக்கு வழி விடும். சைனஸ் அறுவையில் எந்தப் பொடி வைத்தாலும் இம்ப்ளான்ட் நிலைப்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்றே தொகுப்பாய்வுகள் காட்டிவருகின்றன. அப்படியிருக்க, விலங்கு வேண்டாம் என்பவருக்கு மாட்டெலும்பு வைக்க என்ன அவசியம்?

பல்லும்சொல்லும்:
வேண்டாம் என்பவருக்கு வைக்க அவசியம் இல்லை. எதுவானாலும் சரி என்பவருக்கு என் கை பழகியதைத்தான் வைப்பேன்.

கரிசல்மண்:
இன்று என் மருத்துவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கோபமாகப் பேசவில்லை, ஸ்டிக்கர் அட்டையை மேசைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். பிறகு மன்னிப்புக் கேட்டார். ‘இது உங்களுக்குப் பொருட்டாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை’ என்றார். பொய் சொல்கிறார் என்று தோன்றவில்லை.

கீழே வைத்ததை எடுக்கவில்லை. இடப்பக்கம் மேலே எனக்கு சைனஸ் அறுவை செய்ய வேண்டியிருக்கிறது, அதையும் பேசினோம். கலப்பு வகைச் செயற்கைப் பொடி கேட்டேன். தருவித்துத் தருகிறேன், ஆனால் ஆறு மாதத்துக்குப் பதில் எட்டு ஒன்பது மாதம் காத்திருக்கலாமா என்றார். காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டியை முன்னாலேயே காட்டுவதாகவும் சொன்னார்.

நூர்வாசகி:
ரொம்ப சந்தோஷம் அண்ணா. சவ்வு?

கரிசல்மண்:
அதைக் கேட்க மறந்துவிட்டேனே, தங்கச்சி.

நூர்வாசகி:
அதானே பார்த்தேன். சைனஸ் பக்கச்சுவர்ல ஒரு ஜன்னல் மாதிரி வெட்டித்தான் பொடியை உள்ள போடுவாங்க. அந்த ஜன்னலை மூடற சவ்வு பெரும்பாலும் பன்றி, இல்லேன்னா மாடு. பொடியை மட்டும் மாத்திட்டு அதை விட்டுட்டா மறுபடி ஸ்டிக்கர் பார்த்து வருத்தப்படுவீங்க.

பல்லும்சொல்லும்:
சகோதரி சொல்வது சரி. செயற்கைச் சவ்வு இரண்டு வகை. தானே கரையும் பாலிமர் ஒன்று. டெஃப்லான் வகை இன்னொன்று. அது கரையாது, பின்னால் ஈறைத் திறந்து எடுக்க வேண்டும், நடுவில் வெளியே தெரிந்துவிட்டால் கிருமி தொற்றும். உங்களுக்கு முதல் வகை போதும் என்பது என் கருத்து. கரையும்போது சிலருக்குக் கொஞ்சம் வீக்கம் வரும், அதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிரப்பும்போது ரத்தம் கசிந்தால் வைக்கும் பஞ்சுகூடச் சில சமயம் கொலாஜன்தான். அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கரிசல்மண்:
பொடி, சவ்வு, பஞ்சு, தையல் நூல். நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். நாளை காலை தொலைபேசியில் கேட்கிறேன்.